செவிவழி வாசிப்பு: பார்வை இழந்தோருக்கு ஓர் ஒலிநூல் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

என் தாத்தாவுக்கு இனிப்புநீர் நோயால் பார்வை போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் பெரிய படிப்பாளி அல்லர். குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்; தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். ஆனால், நல்ல வாசகர். இளமையில் மாலை வேளைகளில் லயத்து வாசலில் அமர்ந்து தமிழ் நேசன் நாளிதழை உரக்க வாசிப்பாராம். எழுத்தறியாத பெரியவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்களாம். 1924-ஆம் ஆண்டு தொடங்கிய அந்நாளிதழ் 2019-ஆம் ஆண்டு நின்றபோது, நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தவறிவிட்டதைப் போல் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு மு.வரதராசனாரின் நாவல்களே அவருக்குத் துணை. எழுத்து மங்கத் தொடங்கியதும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு அதுவும் பயனற்றுப் போயிற்று.

“ரேடியோ இருக்குதே, கேட்டுக்கிட்டு இருங்க” என்று வீட்டுக்கு வந்தவர்கள் ஆறுதல் கூறினர். மின்னல் பண்பலை எங்கள் வீட்டில் காலையிலிருந்து ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். தாத்தா ஒருநாள் என்னிடம் சொன்னார்: “ரேடியோ அது நெனச்சதப் பேசுதும்மா. புஸ்தகம்னா எனக்கு வேணுங்கறத நான் எடுப்பேன், வேணுங்கற எடத்துல நிறுத்துவேன், திருப்பிப் படிப்பேன்.”

வாசிப்புக்கும் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் விரிவுரைகளில் கூட இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை. எடுப்பது, நிறுத்துவது, திருப்பிப் படிப்பது ஆகிய மூன்றும் வாசகனின் உரிமைகள். பார்வை இழந்தவருக்கு ஒரு கருவி வாங்கித் தருவதாக இருந்தால், இம்மூன்று உரிமைகளையும் அது திருப்பித் தருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இதை உணர எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கருவிகளும் ஏறத்தாழ ஓராண்டும் தேவைப்பட்டன. நம் கழக உறுப்பினர்களின் வீடுகளிலும் இந்நிலை வரக்கூடும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்புநீர் உள்ளது. நம் இந்தியச் சமூகத்தில் நிலைமை இதைவிட மோசம் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே, நாங்கள் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜொகூர் பாருவில் 1948-ஆம் ஆண்டிலிருந்தே பார்வையற்ற சிறார்களுக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி இயங்கி வருகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் சிறு வயதிலேயே பிரெயில் கற்றுவிடுகிறார்கள். ஆனால், எழுபது வயதுக்கு மேல் பார்வை இழந்தவரின் நிலை வேறு. அதுவும் இனிப்புநீர் நோயாளிக்கு விரல் நுனியின் உணர்வும் குறைந்துவிடுகிறது. தாத்தாவின் விரலுக்குப் புள்ளிகள் பிடிபடவில்லை. எனவே, செவிதான் ஒரே வழி.

செவிவழி நூல்கள் நேற்று முளைத்தவை அல்ல. முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களை முன்னிட்டு இங்கிலாந்தில் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1935-ஆம் ஆண்டில் அங்குப் பேசும் நூல்கள் வெளிவந்தன. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் இசைத்தட்டுகள் அவை. ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் வரை தேவைப்பட்டன. அதன்பின் ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது. குறை மட்டும் மாறவில்லை. இருபதாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டுமானால் நாடாவை ஓட்டி ஓட்டித் தேட வேண்டியிருந்தது. அச்சு நூலைப் புரட்டுபவர் ஒரு நொடியில் செய்யும் வேலை அது!

இக்குறையைத் தீர்க்க உருவானதுதான் டெய்சி எனும் முறை. சுவீடன் நாட்டுப் பார்வையற்றோர் நூலகத்தில் கருக்கொண்ட இத்திட்டத்தை வளர்க்க 1996-ஆம் ஆண்டில் பல நாட்டு நூலகங்கள் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. டெய்சி நூலில் ஒலிப்பதிவோடு நூலின் அமைப்பும் சேர்த்தே பதியப்படுகிறது. பாகம், அத்தியாயம், உட்தலைப்பு என ஆறு நிலைகள் வரை தலைப்புகளைக் குறிக்கலாம். பக்க எண்ணும் உண்டு. “112-ஆம் பக்கம்” என்று எண்ணை அழுத்தினால் கருவி அங்கே போய் நிற்கும். சாதாரண எம்பி3 கோப்பு ஒரு நீண்ட கயிறு என்றால், டெய்சி நூல் முடிச்சுகள் போட்ட கயிறு எனலாம்.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன்.

முதலில் பாசார் மாலாமில் ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கினோம். வானொலியும் உண்டு, நினைவட்டையும் போடலாம். விலை அறுபது ரிங்கிட். பொத்தான்கள் பெரியவை, ஒலியும் கணீரென்று இருந்தது. இணையத்திலிருந்து எடுத்த ஒரு தமிழ் நாவலின் ஒலிப்பதிவைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஸ்கூடாயிலிருந்து வீடு திரும்பியபோது, அப்பெட்டி இரவெல்லாம் அணைக்கப்படாமலேயே இருப்பதாக அம்மா குறைபட்டுக்கொண்டார். காரணம் எளிது. அணைத்தால் நின்ற இடம் மறந்துவிடும். மறுநாள் முதல் கோப்பின் முதல் வரியிலிருந்துதான் தொடங்கும். இடத்தை இழக்க மனமில்லாமல் தாத்தா அதை இடைநிறுத்தத்திலேயே வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் மின்கலம் தீர்ந்து, இடமும் போயிருக்கும். இப்படியே முதல் அத்தியாயத்தை மட்டும் ஐந்து முறை கேட்டிருக்கிறார். அதை ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை.

பாட்டுக் கேட்க ஒரு கருவி, நூல் கேட்க ஒரு கருவி என இரண்டையும் பிரிப்பது இந்த நினைவாற்றல்தான். ஒவ்வொரு நூலிலும் விட்ட இடத்தைத் தனித்தனியே நினைவில் வைக்காத கருவியை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

அடுத்து அண்ணனின் பழைய திறன்பேசி. இன்று ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டிலுமே திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் வசதி உள்ளது. தமிழ்க் குரலும் உண்டு. காசும் செலவில்லை. பார்வையற்ற பல்கலைக்கழக மாணவர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டால், தயங்காமல் திறன்பேசியையே சொல்வேன். கணினிக்கு என்விடிஏ எனும் இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு இளைஞர்கள் தொடங்கி வளர்த்த மென்பொருள் அது. ஆனால், தாத்தாவுக்குத் தொடுதிரை என்பது கண்ணாடித் தரையில் நடப்பது போலாயிற்று. எங்கே தொட்டாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒருமுறை தட்டினால் பேசும், இருமுறை தட்டினால் திறக்கும் என்ற விதியை அவர் விரல் ஏற்கவில்லை. ஒருநாள் நள்ளிரவு இரண்டு மணிக்குச் சிரம்பானில் இருக்கும் பெரிய மாமாவுக்கு அழைப்புப் போய்விட்டது. பாவம், ஏதோ கெட்ட செய்தி என்று பதறிப்போய் அவர் உடனே காரை எடுத்துவிட்டார்.

பொத்தான் உள்ள, நூல் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளைத் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். இத்துறையில் அடிக்கடி கேட்கும் பெயர்கள் இரண்டு. ஒன்று, கனடாவின் ஹியூமன்வேர் நிறுவனத்தின் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம். 2007-இல் வெளிவந்த இதன் மூன்றாம் தலைமுறை 2023-இல் வந்தது. மற்றொன்று, ஜப்பானின் சினானோ கென்சி நிறுவனம் 2009-இல் வெளியிட்ட பிளெக்ஸ்டாக் பாக்கெட். ஸ்ட்ரீமின் முகப்பு பழைய கைத்தொலைபேசியின் எண்பலகை போன்றது. 2-உம் 8-உம் தாவலின் அளவைத் தேர்ந்தெடுப்பவை: அத்தியாயம் அத்தியாயமாகவா, பக்கம் பக்கமாகவா, நிமிடக் கணக்கிலா. 4 பின்னே செல்லும், 6 முன்னே செல்லும். 5-ஐ அழுத்தினால் நாம் நூலில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். புத்தகக்குறி வைக்க ஒரு விசை. கேட்டபடி தூங்கிவிட்டால் தானாக நிறுத்திக்கொள்ள ஒரு விசை. எடுப்பது, நிறுத்துவது, திருப்பிப் படிப்பது என்ற மூன்று உரிமைகளும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகின்றன. விலைதான் மலைக்க வைக்கிறது. தருவிக்கும் செலவையும் சேர்த்தால் ஆயிரம் ரிங்கிட்டை எளிதாகத் தாண்டிவிடும். வாங்கும் முன் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலுள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் விசாரிப்பது நலம். 1951-இல் தோன்றிய அமைப்பு அது. கருவிகளைப் பயன்படுத்தும் மனிதர்களையே அங்குச் சந்திக்கலாம். விற்பனையாளரின் பேச்சைவிட அவர்களின் பேச்சு மேல்.

அவசரப்பட்டுப் பணம் கட்டாமல், அறிந்தவர் ஒருவரிடம் இத்தகைய பழைய கருவி ஒன்றை இரண்டு வாரத்துக்குக் கடன் வாங்கினேன். மலேசிய இந்தியர் வரலாறு பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையை எழுத்துக் கோப்பாக அதில் ஏற்றினேன். ஆங்கிலக் கோப்பை அக்கருவி அருமையாக வாசித்திருந்ததால் எனக்கு நம்பிக்கை. தாத்தா விசையை அழுத்தினார். கருவி “1941” என்றது. சற்று அமைதி. “1945”. மீண்டும் அமைதி. பிறகு “1957”. அதன் குரலுக்குத் தமிழ் தெரியாது. எண்களை மட்டும் ஆங்கிலத்தில் பொறுக்கி வாசித்துவிட்டு மற்றதையெல்லாம் தாண்டிச் சென்றது.

“என்னாம்மா இது, நாலு நம்பர் லாட்டரியா?” என்றார் தாத்தா. நானும் சிரித்தேன். ஆனால், இரவில் தூக்கம் வரவில்லை. ஆயிரம் ரிங்கிட் கருவிக்கு முன் என் தாத்தா மறுபடியும் எழுத்தறியாதவர் ஆகிவிட்டாரே!

ஆகவே, தமிழ் வாசகருக்குக் கருவி தேடும் எவரும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, “இது தமிழ் எழுத்தை வாசிக்குமா?” என்பதுதான். விளம்பரத்தில் இத்தனை மொழிகள் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். உங்கள் கையில் ஒரு தமிழ்க் கோப்பை எடுத்துச் செல்லுங்கள். அதில் எண், ஆங்கிலச் சொல், ழகர ளகரச் சொற்கள் எல்லாம் இருக்கட்டும். விற்பவர் முன்னிலையிலேயே வாசிக்கச் செய்து கேளுங்கள். வாசிக்காது என்றால், அக்கருவி மனிதக் குரலில் பதிவு செய்த நூல்களுக்கு மட்டுமே உதவும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதுவும் வீண் அல்ல.

இங்கே கருவியை விட்டு, தமிழ்க் கோப்பைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். இன்றைய கருவிகளும் திறன்பேசிகளும் வாசிப்பது ஒருங்குறி எனப்படும் யூனிகோட் எழுத்தை. ஆனால், அதற்கு முன் நாம் பல்வேறு குறியாக்கங்களில் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலை 1980-களிலிருந்தே நம்மவர் பயன்படுத்தினர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் குறியாக்கங்கள் முன்வைக்கப்பட்டன. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. கண்ணால் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே தமிழ்தான். உள்ளே இருப்பதோ வேறு. பழைய எழுத்துருவில் அமைந்த பக்கத்தைத் திரைவாசிப்பான் வாசித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் காதில் விழும். இதை நீங்களே சோதிக்கலாம். பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வாக்கியத்தைப் படியெடுத்து வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்கு என்ன குப்பை தெரிகிறதோ, அதுவே பார்வையற்றவரின் காதுக்கும் போகிறது. ஒருங்குறிப் பிடிஎஃப் சிலவற்றில்கூட ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி விழுந்து, சொல் சிதைந்துவிடுவது உண்டு.

நான் சோதித்த முதல் கோப்பு, வேறெது, நம் கழகத்தின் பழைய ஆண்டிதழ் ஒன்று. ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

நல்ல தமிழ்க் கோப்புகள் இல்லாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை இலவசமாகக் கிடைக்கின்றன. பொன்னியின் செல்வனைப் பம்பாய் கண்ணன் பல குரல்களில் ஒலிநூலாக்கியிருக்கிறார். இந்தியாவில் 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புத்தகாலயம் என்னும் இணைய நூலகம் பல இந்திய மொழி நூல்களைப் பார்வையற்றோர்க்குரிய வடிவில் சேர்த்து வைத்துள்ளது. இதற்கும் நமக்கும் இடையில் இருந்த சுவர் பதிப்புரிமைச் சட்டம். பார்வையற்றோருக்கான வடிவிலுள்ள நூலை, அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவாயிற்று. முதலில் ஏற்ற நாடு இந்தியா. மலேசியா 2022-இல் இணைந்தது. அவ்வாண்டு ஜூன் 30 முதல் அது நமக்கும் நடப்பில் உள்ளது. தமிழ் நூல்களை எதிர்பார்த்திருக்கும் நமக்கு இது பெரிய கதவு. அதைத் தட்டித் திறக்க இங்கே ஓர் அமைப்பு முன்வர வேண்டும்.

தாத்தா கேட்டதோ மு.வ.வின் ‘அகல் விளக்கு’. 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். மு.வ. மறைந்தது 1974-இல். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை என்பதால், 2024 முடிவோடு அக்காலம் இங்கு முடிந்துவிட்டது. எனவே, நானே வாசித்துப் பதிவு செய்யத் துணிந்தேன்.

கருவியை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் இரண்டு மாமாக்களும் பணம் போட்டார்கள். கடன் வாங்கியது போன்ற பொத்தான் கருவியையே, புதிதாக, வாங்குவதென முடிவாயிற்று. வாங்குமுன் நான் என் கண்களைத் துண்டால் கட்டிக்கொண்டு சோதித்தேன். கருவியைத் தலைகீழாகக் கொடுக்கச் சொன்னேன். 5-ஆம் எண்ணின் மேலுள்ள புள்ளியைத் தடவி நேராகத் திருப்ப முடிந்தது. இயக்குதல், ஒலியைக் கூட்டுதல், ஒரு நிமிடம் பின்னே போதல், அணைத்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் தொடங்குதல் எல்லாவற்றையும் செய்தேன். மின்னூட்டக் கம்பியைச் செருகிப் பார்த்ததில்தான் ஒரு பாடம் கற்றேன். பழைய வகை முனை ஒரு பக்கமாகத்தான் நுழையும். கண் தெரியாதவர் தவறாக அழுத்தினால் உடைந்துவிடும். டைப்-சி முனை எப்படிச் செருகினாலும் நுழையும். கண்ணுள்ளவர் எழுதும் விமர்சனங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. பேச்சின் வேகத்தைக் குறைத்தாலும் குரல் பேய்க்குரலாக மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாத்தா கேட்பது சற்று மெதுவான வேகத்தில்.

பதிவு செய்வோருக்குச் சில குறிப்புகள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு போதும். பெயரிடும்போது 1, 2 என்று போடாமல் 001, 002 என்று போடுங்கள். இல்லையேல் சில கருவிகளில் 1-க்கு அடுத்து 10 ஓடும், கதை குழம்பும். கருவியின் குரலுக்குத் தமிழ் தெரியாததால் கோப்பின் தமிழ்ப் பெயரை அது சொல்லாது. ஆகவே, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நூலின் பெயரையும் அத்தியாய எண்ணையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பேச்சுக்கு 64 கிலோபிட் தரம் தாராளம். ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட்டுக்கும் குறைவுதான். 16 கிகாபைட் அட்டையில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இடம் ஒரு சிக்கலே அல்ல, சிக்கல் நம் தொண்டைதான். எனக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சராசரி இரண்டரை நிமிடம் ஆகிறது. முந்நூறு பக்க நூலென்றால் பன்னிரண்டரை மணி நேரம், தவறுகளைத் திருத்தும் நேரம் தனி.

தவறுகளுக்குக் குறைவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தாலும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளைகள் மட்டுமே தமிழ் கிடைத்த நாக்கு என்னுடையது. முதல் மூன்று அத்தியாயங்களைக் கேட்டுவிட்டுத் தாத்தா என்னைக் கூப்பிட்டார். “நல்லாத்தான் படிக்கிற. ஆனா, பழம் பலமாப் போயிடுச்சு, பள்ளி பல்லியாப் போயிடுச்சு. பொறுமையாப் படி, எனக்கென்ன அவசரம்?” மூன்றையும் மீண்டும் பதிவு செய்தேன். இப்போது பதினொன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். விட்ட இடத்தை அவர் கருவி மறப்பதில்லை, சில நாள் எனக்கு முன்னால் ஓடிவிட்டு, “அடுத்தது எங்கம்மா?” என்று தொலைபேசியில் கேட்கிறார்.

நம் ஆண்டிதழின் பழைய இதழ்களில் எது எந்த எழுத்துருவில் உள்ளது என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறேன். மூலக் கோப்பு கிடைத்தால் ஒருங்குறிக்கு மாற்றுவது சில நிமிட வேலை; அச்சுப் பிரதி மட்டுமே இருந்தால் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளில் இட்டு, வரிவரியாகப் பிழை திருத்த வேண்டும். அக்காலத்தில் ஆசிரியர் குழுவில் இருந்த அக்காமார், அண்ணன்மார் எவரிடமேனும் பழைய குறுந்தட்டிலோ கணினியிலோ அக்கோப்புகள் இருந்தால், எழுத்துருவையும் சேர்த்துக் கழகச் செயலாளரிடம் கொடுத்து உதவுங்கள். எழுத்துரு இல்லாமல் கோப்பை மட்டும் அனுப்பினால், எதை எதற்கு மாற்றுவது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடுகிறது.